கோட்டை வாசலில் நின்று கடலைப் பாருங்கள்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மாணவக் கண்மணிகளே, வணக்கம்.

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போய்வரலாம் என்று பேசச் சொன்னார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று ஆரம்பிப்பேன் என நினைத்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்லப்போவது பழவேற்காட்டில் தொடங்கி நாகப்பட்டினம் வரை, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே இறங்கும் வழி. டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், டேனிஷ்காரர் என ஐந்து நாட்டார் கடைவிரித்த கரை இது.

இந்த வழியில் போகிறவர்கள் வழக்கமாகக் காலையில் கோட்டை, மாலையில் பீச் என்று பிரித்துக்கொள்வார்கள். கோட்டையில் போட்டோ, பீச்சில் சுண்டல். அப்படிப் பிரித்தால் இரண்டுமே விளங்காது. கோட்டை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் கடலில்தான் இருக்கிறது.

நம் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் என்று சொல்லும்படி ஒன்று கிடையாது. கரை நூல் பிடித்தாற்போல நேராகப் போகிறது. கரையோரம் ஆழம் இல்லை, அலையோ ஓயாமல் உடைகிறது. ஐரோப்பாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் பயணம் செய்து வந்த கப்பல், கண்ணுக்கு எதிரே ஊர் தெரிந்தாலும் தூரத்தில்தான் நங்கூரம் போடும். பிறகு கரையேற்ற வேண்டியவர்கள் நம் ஊர்ப் படகோட்டிகள். மசூலா படகு என்று பெயர். பலகைகளை ஆணி அடித்து இணைக்கமாட்டார்கள். கயிற்றால் தைப்பார்கள். அலை வந்து மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னர் ஆனாலும் பாதிரியார் ஆனாலும், பெட்டி நிறைய வெள்ளி ஆனாலும், தைத்த படகில் உட்கார்ந்து நனைந்துகொண்டுதான் இந்தக் கரையில் இறங்க வேண்டும். படகோட்டி 'இன்றைக்குக் கடல் சரியில்லை' என்று சொல்லிவிட்டால் கிழக்கிந்தியக் கம்பெனியே கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

இதை மனதில் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுக்கு வாருங்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பின்னால் ஏரி, முன்னால் முகத்துவாரம். சரக்கை உள்ளே கொண்டுவர இதைவிட வசதி என்ன வேண்டும்? டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது நம் நெசவாளிகள் நெய்த துணி. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்குள்ளவர்கள் கேட்டது சோழமண்டலத் துணியைத்தான். மிளகு, கிராம்பு என்று பாடப்புத்தகம் படித்த நாம் துணியை மறந்துவிட்டோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. பார்க்க வேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசல் தூணில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் பயப்பட மாட்டார்கள், கவலைப்படாதீர்கள். செல்பி எடுப்பார்கள்.

சென்னையைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை, நீங்கள் அறிந்ததுதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் எழுந்த செயின்ட் மேரி தேவாலயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ராபர்ட் கிளைவ் 1753இல் திருமணம் செய்துகொண்டது அங்கேதான். வெளியே வந்து ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோட்டை கட்டியபோது அலை மதில் பக்கத்திலேயே அடித்தது. இன்று கடல் தள்ளிப் போய்விட்டது. காரணம் துறைமுகம். 1875இல் வேலை தொடங்கினார்கள், 1881 புயல் கட்டியதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைப் போட்டு மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். நாம் காற்று வாங்கும் மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கத்து மீனவர் குடியிருப்புகள் கடலுக்குப் போனதும் ஒரே கணக்கின் வரவும் செலவும். மெரினாவைப் புகழ்பவர்கள் செலவுப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை ஒன்று செங்கல் மதிலோடு நிற்கிறது. ஒரு மணி நேரம் போதும். கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். உப்பங்கழியில் படகு ஏறுங்கள், கோட்டையைத் தண்ணீரிலிருந்து பாருங்கள். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வீண் இல்லை.

புதுச்சேரிக்கு எல்லோரும் போகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, காபி. தப்பில்லை. ஆனால் அந்த மஞ்சள் சுவர் ஊர் எவ்வளவு பழையது என்று நினைக்கிறீர்கள்? பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் 1674இல் தொடங்கிய ஊரை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். இன்று காண்பது அதன்பின் எழுப்பியது. அந்த முற்றுகையில் ஒரு சம்பவம் உண்டு. 1761 ஜனவரி 1, ஊருக்கு எதிரே மறித்து நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் புயல் அடித்துச் சிதறடித்தது. ஊர் தப்பித்துவிடும் போலிருந்தது. மிச்சக் கப்பல்கள் திரும்பி வந்து மறித்துக்கொண்டன, அந்த மாதமே ஊர் விழுந்தது. இதற்கு முன், 1746இல் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே அக்டோபரில் அங்கேயே காலம் கடத்தினார். புயல் வந்து அவருடைய கப்பல்களைத் தின்றுவிட்டது. வடகிழக்குப் பருவக்காற்று இந்தக் கரையில் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், பொங்கலுக்குப் போங்கள் என்று நான் சொல்வதற்கும் அதே காரணம்தான்.

அதே ஊரில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். கப்பல் வந்தது, பீரங்கி போட்டார்கள், இன்ன சரக்கு இறங்கியது என்று எழுதிக்கொண்டே போவார். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து அதில் நாலு பக்கம் படித்துப் பாருங்கள், வேறு வழிகாட்டி தேவைப்படாது.

அடுத்து கடலூர். அநேகமாக யாரும் நிற்காமல் போகிற ஊர். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் சுவையான கதை இங்கேதான். 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் தரப்பில் பேரத்தை நடத்தியவர் மதராஸ் கவர்னர் எலிகு யேல். ஆம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவரே. ஒப்பந்தத்தில் ஒரு வரி: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி. உடனே இருப்பதிலேயே தொலைதூரம் சுடக்கூடிய பீரங்கியைக் கொண்டுவந்து எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. சிரிக்கிறீர்கள். அந்தக் கிராமத்தில் காலையில் ஏர் கட்டப் போனவனிடம் யாரும் கேட்கவில்லை. மதராஸ் பறிபோன 1746இலிருந்து 1752 வரை இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான் இந்தக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தார். கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே சிதைந்த சுவர்கள் மிச்சம்.

பரங்கிப்பேட்டை வழியாகப் போய்த் தரங்கம்பாடியில் இரவு தங்குங்கள். டேனிஷ்காரர்கள் முதலில் புறப்பட்டது இலங்கைக்கு. அங்கே காரியம் ஆகாமல் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் வந்தார்கள். தலைவன் ஓவ ஜெத்தேவுக்கு வயது இருபத்தைந்து. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதியனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டையில் கீழே கிடங்கும் சிறையும், மேலே கவர்னர் வீடு. 1706இல் வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானிய மதபோதகரை, சொந்த மதத்து அதிகாரிகளே 1708இல் இதே கோட்டையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். வந்த புதிதிலேயே தமிழ் படித்திருந்த அவர், வெளியே வந்து அச்சுக்கூடம் வரவழைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கடைசியில் 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு, ஆண்டு 1306. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்கு முந்நூறு வருடம் முன்பே இங்கே ஊர் இருந்தது, கடல் வணிகம் இருந்தது. வழிகாட்டிகள் 1620இலிருந்து கதையைத் தொடங்குவார்கள், நீங்கள் கோயிலிலிருந்து தொடங்குங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாகப்பட்டினத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1690இல் பழவேற்காட்டுத் தலைமையகத்தை இங்கே மாற்றினார்கள், 1781இல் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். டச்சுக் கல்லறைகள் இங்கேயும் உண்டு. ஆனால் கடலோடிகள் தூரத்திலிருந்தே ஊரை அடையாளம் கண்டது கோட்டையை வைத்து அல்ல, பழைய பௌத்தக் கோபுரம் ஒன்றை வைத்து. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் இது. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின. கோபுரத்தை 1867இல் இடித்தார்கள்.

இதே நாகையிலிருந்துதான் பினாங்குக்குக் கப்பல் போயிற்று. பெரியவர்களுக்கு 'ரஜூலா' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். துணி போன வழியில் ரப்பர் தோட்டத்துக்கு ஆட்கள் போனார்கள். அந்தக் கப்பலில் ஏறியவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த அரங்கில் இருந்தால், கேள்வி நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். கரையிலிருந்து கப்பல் வரை எப்படிப் போனார்கள், வீட்டில் என்ன சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்? மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள், தம்பி.