கரையில் நிற்கும் படகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தடைக்காலம். எல்லாப் படகும் கரையோரம் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். கிட்டே போய்ப் பாருங்கள். ஒன்றில் இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை நடக்கும். இன்னொன்றில் பாசி ஏறியிருக்கும், ஏனென்று கேட்க ஆள் இருக்காது.

நான் ராயபுரத்துக்காரன். வெப் அப்ளிகேஷன் எழுதுவது தொழில். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தும், ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது யாரோ எழுதி எல்லோரும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் வைத்த நிரலை, எடுக்கும்போது கிட்டே போய்ப் பார்க்கத் தவறினேன். மீன் மொத்த வியாபாரி ஒருவருக்கு பில் போடும் அப்ளிகேஷன் செய்து கொடுத்தேன். பிடிஎஃப் உருவாக்க, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பிடித்தவர்கள் போடும் ஸ்டாரை நிறைய வாங்கிய ஒரு லைப்ரரியைச் சேர்த்தேன். இரண்டு வருடம் கழித்து அப்ளிகேஷனை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் புதிய பதிப்புக்கு மாறினோம். விடியற்காலை மூன்று மணி, ஏலம் நடக்கிற நேரம், பில் வரவில்லை. பயன்படுத்துவோர் கோளாறுகளை எழுதிப்போடும் இடமான, லைப்ரரியின் இஷ்யூ பக்கத்தைத் திறந்தேன். என் பிரச்சினையையே பலர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் இல்லை.

இப்போதெல்லாம் முதலில் இஷ்யூ பக்கத்தைத்தான் படிக்கிறேன். மூடாத இஷ்யூ எத்தனை என்று எண்ணுவதில்லை. பலர் பயன்படுத்தும் லைப்ரரியில் அது குவியத்தான் செய்யும். கேட்டவருக்கு யார் பதில் சொல்கிறார், பாதுகாப்புக் கோளாறு தெரிந்தபின் எவ்வளவு சீக்கிரம் திருத்தம் வந்தது என்று பார்க்கிறேன். கடைசி ரிலீஸ் பழையது என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். ஒரே ஒரு வேலை செய்யும் சின்ன லைப்ரரிக்கு அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். தேதி, நேரத்தைக் கையாளும் மொமென்ட் ஜேஎஸ் என்ற லைப்ரரியைப் பராமரிப்பவர்கள், இனி புதிய வசதி சேர்க்கப்போவதில்லை, புதிய வேலைகளுக்கு வேறு லைப்ரரி பாருங்கள் என்று 2020 செப்டம்பரில் தாங்களே அறிவித்தார்கள். அந்த நேர்மைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஒரு லைப்ரரி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை எழுதியவர், உதவ முன்வந்த முகம் தெரியாத ஒருவரிடம் 2018இல் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர், பிட்காயின் திருடுவதற்கான இன்னொரு பேக்கேஜை அதற்குள் நுழைத்துவிட்டார். எழுதியவரைத்தான் பலர் ஏசினார்கள். அது அநியாயம். அத்தனை பேர் நம்பியிருந்த பேக்கேஜை ஒற்றை ஆளாகக் காசில்லாமல் சுமந்தவர் அவர். சேர்க்கும் பேக்கேஜ் தன்னோடு எதையெல்லாம் இழுத்து வருகிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். சேர்ந்த பேக்கேஜ்களைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால் முழுப் பட்டியலும் அங்கே இருக்கும்.

என் வியாபாரிக்கு வேறு லைப்ரரி போட்டேன். அதில் ‘கொடுவா’ மீனின் பெயர் உடைந்து அச்சானது; ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. மாதிரி பில்லோடு இஷ்யூ எழுதினேன். மறுநாளே ஒருவர் என்ன ஃபான்ட் என்று கேட்டார். அனுப்பினேன். அடுத்த ரிலீஸில் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது.

நன்றி, வணக்கம்.