அறளை என்று சொல்லுமுன்

(ஆரையம்பதியில் முதியோர் முன்னிலையில் ஒரு வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

வயது போனவரின் பேச்சுத் தடுமாறினால் ‘அறளை பேர்ந்திட்டுது’, அதாவது முதுமையால் புத்தி தடுமாறிவிட்டது, என்று சொல்லி விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். அதைச் சொல்லுமுன், அவருக்கு அண்மையில் தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள் எனச் சொல்லவே வந்திருக்கிறேன்.

கல்லடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்த பேத்தி, அப்பப்பா பெயர்களை மறக்கிறார் என்றாள். துருவிக் கேட்டபோதுதான், வலது காற் செருப்பு கழன்றது தெரியாமலே அவர் நடந்து வருகிறார் என்பதும், ஐந்து கிழமைக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என்பதும் வெளிவந்தன. சி.ரி. ஸ்கேனில், மண்டையோட்டுக்கும் மூளையின் இடப்புறத்துக்கும் நடுவே பிறை வடிவில் பழைய இரத்தம் தேங்கி நின்றது.

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதிலிருந்து மேலுறைக்குச் செல்லும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறு குலுக்கத்திலும் அவை அறுந்து, கிழமைக்கணக்கில் இரத்தம் கசியலாம். இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிட்டால், தீராத மறதி என்று நாம் எண்ணியது பலரில் தெளிந்துவிடுகிறது.

எல்லாம் இப்படி வடிந்து போவதில்லை. குத்துச்சண்டை வீரர்கள் சிலர் பிற்காலத்தில் குடிவெறியில் தள்ளாடுபவரைப் போலாவதை 1928 இல் அமெரிக்க நோயியலாளர் ஹரிசன் மார்ட்லண்ட் எழுதினார். திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் ‘டௌ’ என்னும் புரதம் முறுகிப் படிவதை இன்று அறிவோம். ஆனால் அந்நோயை, இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதிசெய்ய முடிகிறது. 2020 இல் லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு, டிமென்ஷியா என்னும் மறதி நோயின் தவிர்க்கக்கூடிய காரணிகளுள் தலைக்காயத்தையும் சேர்த்தது. நிலைப்படியில் ஒருமுறை முட்டியவர் அஞ்சத் தேவையில்லை; அடியின் கடுமையும் எண்ணிக்கையும் கூடக்கூடத்தான் ஆபத்துக் கூடுகிறது. (கல்முனை வீதியில் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு பறக்கும் தம்பிமாருக்கும் இது பொருந்தும்.)

‘ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்’ என்ற ஆறுதலையும் அளவோடுதான் நம்ப வேண்டும். 1971 இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்த சி.ரி., இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். நரம்பிழைகள் அறுந்ததைப் பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. பழைய நுண்கசிவுகளின் தடத்தைக் காட்டலாம். அடிபட்டவருக்கு மறதி நோய் வருமா என்பதை அதுவும் சொல்லாது.

ஆதலால், விழுந்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கிணற்றடி நினைவு வந்திராவிட்டால், அவரை ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.