இரண்டு ஏக்கருக்கு ஒரு வேலை

வணக்கம். கோடாவில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோடா என்றதும் கோச்சிங் சென்டர்களுக்குப் பேர்போன ராஜஸ்தான் கோட்டா என்று நினைத்துச் சிலர் வந்திருக்கலாம். அது இல்லை. இது ஜார்க்கண்டின் வடகிழக்கில், பீகார் எல்லையை ஒட்டிய மாவட்டம். அங்கே லால்மட்டியாவில், அரசு நிறுவனமான கோல் இந்தியாவின் கிளை ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸின் ராஜ்மஹல் திறந்தவெளிச் சுரங்கம் இருக்கிறது. தோண்டும் கரி தனி ரயில் பாதையில் போய் பீகாரின் கஹல்காவ்ன், மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அனல்மின் நிலையங்களில் எரிகிறது. அதே மாவட்டத்தில் அதானி கட்டிய 1,600 மெகாவாட் நிலையத்துக்கோ வெளிநாட்டுக் கரி ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தில் இறங்கி ரயிலேறி வருகிறது, மின்சாரம் 2023 முதல் வங்கதேசத்துக்குப் போகிறது. சரி, அது தனிக் கதை. நான் பேச வந்தது நிலத்தைப் பற்றி.

சந்தால் பர்கானா என்று சொல்லப்படும் அந்தப் பக்கத்தில் குடியானவர் தன் நிலத்தைப் பொதுவாக யாருக்கும் விற்க முடியாது. 1949-ல் வந்த சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம் அப்படி. சும்மா வந்த சட்டம் இல்லை. 1855 ஜூன் 30 அன்று, இன்றைக்குப் பக்கத்து மாவட்டமான சாஹிப்கஞ்சில் இருக்கும் போக்னாடீ கிராமத்தில் சித்து, கான்ஹு என்ற சகோதரர்கள் கூட்டிய கூட்டம்தான் ஹூல் என்ற சந்தால் பழங்குடிகளின் எழுச்சியாக வெடித்தது. வட்டிக்காரனும் ஜமீன்தாரும் நிலத்தை விழுங்கியதுதான் அவர்கள் கோபம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் சந்தால் நிலத்துக்குத் தனிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2016-ல் மாநில அரசு 1949 சட்டத்தைத் தளர்த்தப் பார்த்தது, சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, ஆனால் அடுத்த ஆண்டு ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆளுநர் திரௌபதி முர்மு, அவரும் சந்தால்தான்.

இவ்வளவு காவல் இருக்கிற நிலத்தில் சுரங்கம் எப்படி வந்தது என்கிறீர்களா? 1957-ல் நிலக்கரிப் பகுதிகளுக்கென்றே மத்திய அரசு ஒரு கையகப்படுத்தல் சட்டம் போட்டது. டெல்லியில் அரசிதழில் அறிவிப்பு வந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும். விற்கத்தானே தடை, எடுத்துக்கொள்ளத் தடை இல்லையே!

பதிலுக்குப் பணம் உண்டு, அதோடு கோல் இந்தியா பல காலமாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: இரண்டு ஏக்கருக்கு ஒரு வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பல நிலங்கள் 1920-30களில் நடந்த சர்வேயில் எழுதிய கொள்ளுத்தாத்தா பேரிலேயே இருக்கின்றன. இன்று அவருக்கு நாலு கிளை, இருபது வாரிசு. இரண்டு ஏக்கர் தேறாதவர்கள் அக்கம்பக்கத்து நிலத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டி ஒருவர் பேரைக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோகிறது. பெண்களை விடுங்கள், சந்தால் வழக்கப்படி நிலம் மகன்கள் வழியாகப் போவதால் மகள் பேர் பெரும்பாலும் பட்டியலுக்கே வராது. அடுத்தவன் வயலை விளைச்சலில் பங்குக்கு உழுதவனுக்கு வேலை இல்லை. கிடைத்த வேலையும் அறுபது வயதில் முடிந்துவிடும், வயலுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது.

நிரந்தர வேலைக்கு ஏன் இவ்வளவு அடிதடி என்றால், சுரங்கத்துக்குள் நிறைய வேலை இப்போது காண்ட்ராக்டில் நடக்கிறது. 2016 டிசம்பர் 29 இரவு லால்மட்டியாவில் மண்மேடு சரிந்து 23 பேர் இறந்தார்களே, அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான்.

அந்த வேலையும் கிடைக்காதவருக்கு சைக்கிளில் கரி கொண்டுபோய் விற்பதுதான் பிழைப்பு. நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், இரண்டு பக்கமும் கரி மூட்டை, நடுவிலும் மூட்டை, மொத்தம் இருநூறு கிலோ வரும். ஏறி உட்கார இடமே இருக்காது, தள்ளித்தான் போக வேண்டும், மேடு வந்தால் பின்னால் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அந்தக் கரி அவர் தாத்தா உழுத வயலுக்கு அடியில் கிடந்ததாகக்கூட இருக்கலாம், காகிதத்தில் அது திருட்டு. செங்கல் சூளைக்கும் டீக்கடைக்கும் போகிறது. மழைக்காலத்தில் சூளை ஓடாது, அப்போது டீக்கடைகளை நம்பித்தான் சைக்கிள் கிளம்புகிறது.