ஒரு கெஜம் அதிர்ஷ்டமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அமெரிக்கக் குறுந்தூர ஓட்டக்காரர் ஆர்ச்சி ஹானுக்கு ஒலிம்பிக் தங்கங்களைக் கொடுத்தது அதிர்ஷ்டமா, திறமையா?' என்பது கேள்வி. நான் திறமையின் பக்கம்.

இப்போது பேசி உட்கார்ந்த எதிரணி நண்பர் என்ன சொன்னார்? 1904-இல் ஒலிம்பிக் நடந்த அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸுக்கு ஐரோப்பாவிலிருந்து அதிகம் பேர் வரவில்லை, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றார். கைதட்டினீர்கள். ஆனால் அங்கே 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் ஹானுக்கு அடுத்து வந்தவர் நேட் கார்ட்மெல். அதே கார்ட்மெல் 1908-இல் லண்டனுக்குப் போய், பல நாட்டுக்காரர்கள் ஓடிய 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். அந்தப் பூவே அவ்வளவு இனிப்பென்றால் சர்க்கரை எப்படி இருந்திருக்கும்!

அடுத்து, அந்த ஒரு கெஜம். 200 மீட்டர் இறுதியில் ஓடியவர்கள் நான்கு பேர். மூன்று பேர் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டார்கள். அன்றைய விதிப்படி மூவரையும் ஒரு கெஜம் பின்னால் நிறுத்தினார்கள். இது ஹானின் ராசியாம்! ஐயா, ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லாத காலம் அது. தடத்தில் குழி தோண்டி, காலை ஊன்றி, சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். குறுந்தூர ஓட்டத்தில் பாதி வித்தை அந்தக் காத்திருப்புதான். அது கைவந்தவர் அன்று ஒருவர்தான். 21.6 நொடி ஓடினார். வளைவில்லாத நேர்த்தடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1932 வரை அந்த ஒலிம்பிக் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. 60, 200, 100 என்று ஆறே நாளில் மூன்று தங்கம்.

சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அது கப்பலேறி ஏதென்ஸுக்கும் கூடவே போனதா? 1906-இல் இரண்டு ஒலிம்பிக்குகளுக்கு நடுவே அங்கே நடந்த இடைக்காலப் போட்டியிலும் 100 மீட்டரில் அவர்தான் முதல். மூன்றாவதாக வந்தவர் ஆஸ்திரேலியாக்காரர் நைஜல் பார்க்கர். அந்தப் போட்டியையே ஒலிம்பிக் கமிட்டி இன்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஜெயித்த தங்கம் ஏட்டில் இல்லாமல் போவது அதிர்ஷ்டக்காரருக்கு நடக்கிற காரியமா?

அப்புறம் அவர் பயிற்சியாளரானார். குறுந்தூரம் ஓடுவது எப்படி என்று புத்தகமே எழுதினார். குருட்டு யோகத்தில் ஜெயித்தவர் என்ன எழுதுவார், லாட்டரிச் சீட்டு வாங்கிய கடையின் விலாசமா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அடிக்கும் முன்பே கிளம்பினால் ஒரு கெஜம் பின்னால் தள்ளிவிடுவீர்களோ என்றுதான் இவ்வளவு நேரம் நின்றேன்.