முதலில் சூடு, அப்புறம் காற்று

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவிலும் பக்கத்து ஊர்களிலும் கராஜ், வெயர்ஹவுஸ், சின்னத் தொழிற்கூடம் என்று நடத்துகிறவர்களும் அங்கே வேலை செய்கிறவர்களும் நிறையப் பேர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு பெட்டி தொங்கும். பின்னால் விசிறி, நடுவில் சூடேறுகிற பகுதி, முன்னால் காற்றைத் திருப்பிவிடும் தகடுகள். அதுதான் யூனிட் ஹீட்டர்.

அதைப் பற்றி வருகிற முறைப்பாடுகள் எனக்கு மனப்பாடம். "குளிர் காற்றடிக்குது." "நிறுத்தினாலும் சூடு குறையவில்லை." "நிமிடத்துக்கு நிமிடம் போடுது, அணையுது." உடனே பெட்டியை மாற்றுவதற்கு விலை கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சுவரில் இருந்து அறைச் சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கிற தெர்மோஸ்டாட் எதை இயக்குகிறது? விசிறியையா, வால்வையா, எரிவாயு எரிகிற பர்னரையா? பாதிப் பேருக்குத் தெரியாது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பாய்லரின் சுடுநீரால் அறையைச் சூடாக்கும் ஹீட்டரை, அதாவது சுடுநீர் ஹீட்டரை, எடுத்துக்கொள்வோம். மலிவான முறையில் வால்வே கிடையாது. பாய்லர் தண்ணீர் குழாய்ச்சுருளுக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் விசிறியை மட்டும் போட்டு அணைக்கும். சின்ன கராஜுக்கு இது போதும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விசிறி நின்றாலும் சுருள் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சூடு கூரைக்கடியில் போய்ச் சேரும். மார்ச், ஏப்ரலில் வெளியே வெயில் வந்த பிறகும் உள்ளே புழுங்குவது இதனால்தான்.

கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் தெர்மோஸ்டாட் வால்வைத் திறக்கட்டும். வால்வு திறந்து, சுருள் சூடான பிறகு விசிறி சுற்றட்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அக்வாஸ்டாட். உள்ளங்கை அளவுப் பெட்டி, செப்புக் குழாயோடு ஒரு பட்டியால் இறுக்கிக் கட்டியிருக்கும். குழாய் சுமார் 40 பாகை செல்சியஸ் சூட்டுக்கு வராமல் விசிறிக்கு மின்சாரத்தை விடாது. வால்வு உள்ள அமைப்பில் இதைச் சுருளைத் தாண்டி, தண்ணீர் திரும்பிப் போகும் குழாயில் கட்ட வேண்டும். வால்வுக்கு முன்னால் கட்டினால் வால்வு மூடியிருக்கும்போதும் அது சூட்டையே காட்டும். அப்புறம் கட்டியும் பயனில்லை.

இங்கே புதிதாக ஒரு சிக்கல் கிளம்பியிருக்கிறது. பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு, புகையோடு போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் பாய்லர் போடுகிறார்கள். அது வெளிக்குளிர் குறையக் குறையத் தண்ணீரின் சூட்டையும் இறக்கும், எரிவாயு மிச்சம். ஆனால் அக்வாஸ்டாட்டை யாரோ ஒரு காலத்தில் 60 பாகைக்குத் திருகி வைத்திருப்பார்கள். இப்போது தண்ணீர் அந்த அளவுக்கு ஏறாது, விசிறியும் சுற்றாது. "மோட்டார் போய்விட்டது" என்று கழற்றி மாற்றியும் பார்ப்பார்கள். மோட்டாரில் ஒன்றுமே இல்லை.

எரிவாயு ஹீட்டரில் இந்த ஒழுங்கு பெட்டிக்குள்ளேயே அமைத்திருக்கும். தெர்மோஸ்டாட் பர்னரை அழைக்கும். பர்னர் பற்றி, நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதியான வெப்பமாற்றி சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை விசிறி காத்திருக்கும். உடனே சுற்றினால் கீழே நிற்கிறவருக்குக் குளிர் அடிக்கும், வெப்பமாற்றிக்குள் ஈரம் படிந்து துருவும் ஏறும். அணையும்போது இதற்கு நேர்மாறு: பர்னர் முதலில், விசிறி பிறகு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவது மாதிரி உள்ளே சூடு நிற்கும், அதை வெளியே தள்ள வேண்டும். ஆகவே, தயவுசெய்து சுவர் சுவிட்சை அடித்து ஹீட்டரை நிறுத்தாதீர்கள். சூடு உள்ளேயே அடைபட்டு, வெப்பமாற்றியின் தகடு விரிந்து சுருங்கி, நாளடைவில் வெடிப்பு விழலாம். விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நீங்கள் மூச்சுவிடும் காற்றில் கலக்கக்கூடும். தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டுப் போங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

சரி, தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், உட்சுவர் அல்லது தூண், ஹீட்டர் காற்று நேரே படாத இடம். சாமான் ஏற்றும் கதவுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு லொறி வரும்போதும் அதற்கு வடதுருவம். வெளிச்சுவரில்தான் இடம் என்றால் அதன் பின்னால் குளிர்தடுப்புப் பலகை வைத்து, வயர் வருகிற துளையையும் அடைத்துவிடுங்கள். துளை வழியாக வருகிற குளிரை அறைக் குளிர் என்று எடுத்துக்கொள்ளும்.

பழைய 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினால், உள்ளே நுணுக்கமான எண்களோடு ஒரு குட்டி நெம்புகோல் தெரியும். எண்கள் ஆம்பியர். எரிவாயு வால்வில் 0.4 என்று அச்சிட்டிருந்தால் நெம்புகோலும் 0.4-இல் நிற்க வேண்டும். அங்கே ஒரு மெல்லிய கம்பி தெர்மோஸ்டாட்டையே லேசாகச் சூடாக்கி, அறைச் சூடு நீங்கள் வைத்த அளவைத் தாண்டும் முன்பே ஹீட்டரை நிறுத்த வைக்கும். எண்ணைக் குறைத்து வைத்தால் போட்டுப் போட்டு அணையும். கூட்டி வைத்தால் சூடு எகிறும். புதிய மின்னணு வகையில் இதுவே மணிக்கு எத்தனை தடவை போட்டு அணைக்கலாம் என்று மெனுவில் ஒளிந்திருக்கும். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. சுடுநீர் ஹீட்டர்களில் விசிறியின் 120 வோல்ட் நேராகத் தெர்மோஸ்டாட் வழியாகவே போவதுண்டு. வீட்டில் மிஞ்சியிருந்த ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டினால் கருகிப்போகும், தீயும் பிடிக்கலாம். ஒரே தெர்மோஸ்டாட்டில் இரண்டு எரிவாயு ஹீட்டர்களை ஓட்டவும் இடையில் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வேண்டும்.

உயரமான கூடமாக இருந்தால், விசிறியை நிறுத்தாமல் மெதுவாக ஓடவிட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடுகிற முறைதான் என் விருப்பம். மேலே தேங்கும் சூட்டைக் கீழே இறக்க அதைவிட நல்ல வழி, கூரை விசிறியைத் தவிர, எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் கொஞ்சம் கூடும், அது உண்மைதான்.

இரவில் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பீர்கள். ஒன்ராறியோவின் 851-ஆம் ஒழுங்குவிதிப்படி, சில விலக்குகள் தவிர, மூடிய வேலைத்தலம் 18 பாகைக்குக் குறையக்கூடாது. அது ஆள் வேலை செய்யும் நேரத்துக்கு. ஆளில்லாத இரவில் இறக்கலாம். ஆனால் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் நிற்கும் கட்டடத்தில் எந்த மூலையும் 4 பாகைக்குக் கீழே போகக்கூடாது. தெர்மோஸ்டாட் 10 என்று காட்டுகிற இரவில் கதவோரக் குழாய் எத்தனையில் இருக்கிறது என்று ஒருநாள் அளந்து பாருங்கள்.

எரிவாயுப் பகுதியை உரிமம் உள்ளவரே தொட வேண்டும். இப்போது அழைப்புகளை எடுக்கலாம். அழைக்கும் முன்பு உங்களுடையது சுடுநீரா, எரிவாயுவா, தெர்மோஸ்டாட்டில் 24 வோல்ட் என்றிருக்கிறதா, 120 என்றிருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.