முதலில் ஒரு பென்சில் வாங்குங்கள்

(இளைஞர்களுக்கான வேலைவழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடைக்கு வரும் வழியில் ஒரு தம்பி என்னை நிறுத்தி, "சார், வேலையில சேர்ந்த உடனே துப்பாக்கி குடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சிரித்தது தப்பு. நானும் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வனக்காவலர் வேலைக்கு வந்தேன். முதல் நாள் எனக்குக் கொடுத்தது ஒரு சின்ன நோட்டும் ஒரு பென்சிலும். பேனா இல்லையா என்றேன். "மழையில பேனா எழுதாது" என்று சொல்லிவிட்டு என் மேலதிகாரி நடக்க ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

காட்டுயிர், மீன்வளம், மரம் ஆகியவற்றைக் காக்கும் சட்டங்களை அமல்படுத்தும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஓரிடத்தில் வனக்காவலர், இன்னோரிடத்தில் ரேஞ்சர், வேறோரிடத்தில் மீன்வள ஆய்வாளர். சீருடையும் சம்பளமும் மாறும். மாறாதது ஒன்று உண்டு. காட்டில் நடந்ததை, அந்தக் காட்டை ஒருநாளும் பார்த்திராத ஒரு நீதிபதி நம்பும்படி நீங்கள் காட்டியாக வேண்டும். விலங்குகள் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் இது வரவில்லையென்றால் வேலை நடக்காது.

ஒரு காலை நேர ரோந்து. எனக்கு முன்னால் போன மூத்த காவலர் சட்டென்று நின்றார். நானும் நின்று பார்த்தேன். புதர், புல், சருகு. வேறு ஒன்றுமில்லை. "குனிஞ்சு பாரு" என்றார். மண்டிபோட்டு, ஒரு மானின் தலை வரும் உயரத்துக்கு என் தலையை இறக்கிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு புதருக்கு நடுவே மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த ஒரு சுருக்குக் கண்ணி. பளபளப்பு போகக் கம்பியை நெருப்பில் வாட்டியிருந்தார்கள். வருகிற விலங்கு வேறு பக்கம் விலகாமல் இருக்க இருபுறமும் குச்சி நட்டு வழி அமைத்திருந்தார்கள். கண்ணியைக் கட்டியிருந்த மரத்தின் அடியில் பட்டை ஒரு வளையமாகத் தேய்ந்து கிடந்தது. அதற்கு முன்பும் ஏதோ ஒன்று அதில் மாட்டியிருக்கிறது. வெகுநேரம் இழுத்துப் பார்த்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம். கை தானாகக் கம்பியைப் பிடுங்கப் போனது. அவர் தட்டிவிட்டார்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டே ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். ஜிபிஎஸ் அளவு. நேரம். கம்பியை வெட்டும்போது முடிச்சில் வெட்டவில்லை, வேறோர் இடத்தில் வெட்டினார். முடிச்சு போடும் விதம் கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் பழக்கம் இருக்கும் என்றார். கம்பியில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது. அதைக் காகித உறையில் போட்டார். ஈரமான தடயத்தைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து, டிஎன்ஏ பார்க்க எதுவும் மிஞ்சாது. உறையை அங்கேயே ஒட்டி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, என்னையும் போட வைத்தார். ஒரே ஒரு கம்பிக்கு 40 நிமிடம்.

இவ்வளவு எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்த இடம் நீதிமன்றம்.

நானே தனியாகப் பிடித்த முதல் வழக்கு. ஆள் கையும் களவுமாகச் சிக்கினார், பையில் இறைச்சி இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். என் நோட்டில் பிடித்த நேரம் 6:40 என்று இருந்தது. பறிமுதல் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் காகிதத்தில், 7:10 என்று எழுதியிருந்தேன். பசி வேறு, முத்திரையை அலுவலகத்துக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் அதட்டிக்கூடப் பேசவில்லை. "அந்த அரை மணி நேரம் பை யாருகிட்ட இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வழக்கு தள்ளுபடி. வெளியே வரும்போது அந்த ஆள் எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். கேலியாக வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே வைத்தார்.

ஆக, தடயம் பிடித்தவர் கையிலிருந்து ஆய்வகத்துக்கும், ஆய்வகத்திலிருந்து நீதிமன்றத்துக்கும் போகும் வரை, ஒவ்வொரு நிமிடமும் அது யார் பொறுப்பில் இருந்தது என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் விட்டுப்போனால் வழக்கு அதோடு முடிந்தது.

இது காட்டுக்கு மட்டுமில்லை, கடலுக்கும் பொருந்தும். 'தண்டர்' என்று ஒரு கப்பல். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடலில் திருட்டுத்தனமாக டூத்ஃபிஷ் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இன்டர்போல் அதைத் தேடி அறிவிப்பே விட்டிருந்தது. 2014 டிசம்பரில் சீ ஷெப்பர்டு என்ற தன்னார்வ அமைப்பின் கப்பல் அதைக் கண்டுபிடித்து, 110 நாள் விடாமல் துரத்தியது. 2015 ஏப்ரலில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் சாவோ டோமே என்ற தீவு நாட்டின் அருகே, தண்டர் மூழ்க ஆரம்பித்தது. அதில் இருந்த 40 பேரையும் காப்பாற்றியது துரத்தி வந்தவர்கள்தான். நமக்கு முக்கியம் அடுத்து நடந்தது. மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் துரத்தி வந்தவர்கள் சிலர் ஏறினார்கள். கப்பல் தானாக மூழ்கவில்லை என்று காட்ட, மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்த நிலையில் கட்டப்பட்டிருந்ததைப் படம் எடுத்தார்கள். மீன் கிடங்கைப் படம் எடுத்தார்கள். கணினி, கடல் வரைபடம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தண்டர் கடலில் விட்டுப்போன வலைகளையும் இன்னொரு கப்பல் வாரக்கணக்கில் இழுத்து எடுத்திருந்தது. அந்த ஆண்டே சாவோ டோமே நீதிமன்றம் கேப்டனுக்கும் இரண்டு அதிகாரிகளுக்கும் தண்டனை கொடுத்தது. கப்பல் கடலுக்கு அடியில் கிடக்கிறது, தடயம் மேலே வந்துவிட்டது.

இந்த வேலைக்குக் காலில் பலம் இருந்தால்தான் முடியும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் ஆஷ்லாந்து ஊரில் காட்டுயிர்க் குற்றங்களுக்கென்றே ஒரு தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ஆசாமி செத்தால் போலீசுக்கு எந்த உயிரினம் என்ற சந்தேகம் வராது. எங்களுக்கு அதுதான் முதல் சந்தேகம். ஒரு துண்டுத் தோல், ஒரு பொடி, ஒரு செதுக்கிய பொம்மை. இது எதன் உடம்பு?

தந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் யானைத் தந்தம் விற்பது குற்றம். மாமூத் என்பது எப்போதோ அழிந்துபோன, யானையின் உறவு விலங்கு; பனியில் புதைந்து கிடந்து கிடைக்கும் அதன் தந்தத்தை விற்பது குற்றமில்லை. உடனே யானைத் தந்தத்துக்கு மாமூத் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய கோடுகள் தெரியும். ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். வெளி விளிம்பை ஒட்டிய கோடுகளின் கோணத்தை அளந்தால், 115 டிகிரிக்கு மேல் போனால் யானை, 90க்குக் கீழே இருந்தால் மாமூத். நடுவில் விழுந்தால் வேறு சோதனை செய்ய வேண்டும். ஒரு லென்ஸ், ஒரு பாகைமானி. பள்ளிக்கூட ஜியோமெட்ரி டப்பாவில் இருக்கிற சாமான் ஒரு கடத்தல்காரரை உள்ளே தள்ளுகிறது.

விமான நிலையச் சுங்கத்திலும் இந்த வேலைதான் நடக்கிறது. ஐரோப்பிய விலாங்கு மீனை ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஏற்றுமதி செய்வது 2010 இறுதியிலிருந்து தடை. அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், விரல் நீளம்தான். தண்ணீர்ப் பையில் போட்டு, சூட்கேஸில் உயிரோடு கடத்துகிறார்கள். அதைப் பிடிப்பவர் காட்டுக்குள் ஒருநாளும் போயிருக்க மாட்டார். எக்ஸ்ரே திரையில் துணிமணிக்கு நடுவே தண்ணீர் எதற்கு என்று கேட்கத் தோன்றினால் போதும். கணக்குப் படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. இந்தக் கடத்தல் பணம் எப்படி வெள்ளைப் பணமாக மாற்றப்படுகிறது என்பதைப் பற்றி எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2020ல் தனி அறிக்கையே வெளியிட்டது. கண்ணி வைத்தவரைக் காவலர் பிடிக்கலாம், கண்ணிக்குக் காசு கொடுத்தவரை வங்கிக் கணக்குதான் பிடிக்கும்.

கண்ணி வைப்பவரைப் பற்றியும் பேச வேண்டும். இதை யாரும் பயிற்சியில் சரியாகச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் பிடிக்கப்போகும் ஆட்களில் பெரும்பாலோர் ஏழைகள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பீர்கள், ஒரே கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கை பிராட்லி என்று ஒருவர் இருந்தார். அப்போது பெண்களின் தொப்பிக்குக் கொக்கு இறகு வைப்பது நாகரிகம். அதற்காகக் கூடு கூடாகக் கொக்குகளைச் சுட்டார்கள். பிராட்லியே சின்ன வயதில் இறகுக்காகப் பறவை சுட்டவர். 1902ல் அவரையே காவலராக நியமித்தார்கள். 1905 ஜூலையில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன்களைக் கைது செய்யப் படகில் தனியாகப் போனார். அந்தப் பையன்களின் அப்பா சுட்டதில் பிராட்லி செத்துப்போனார். வயது 35. சுட்டவர் மேல் வழக்கு நடத்தக்கூட அங்கே இருந்த ஜூரி, அதாவது உள்ளூர் மக்களைக் கொண்ட நீதிமன்றக் குழு, ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் யார் பக்கம் நின்றது என்று பாருங்கள். ஐந்து வருடம் கழித்து நியூயார்க் மாநிலம் இறகு விற்பனையைத் தடை செய்தது. காட்டில் இருந்த காவலரால் தடுக்க முடியாததை, தொப்பி விற்கும் ஊரில் போட்ட சட்டம்தான் தடுக்க ஆரம்பித்தது.

இந்தக் கதையில் நான் இரண்டு விஷயம் பார்க்கிறேன். தனியாகப் போகாதீர்கள் என்பது ஒன்று. ஊரைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காக்க முடியாது என்பது இன்னொன்று. நேபாளத்தில் 2011ல் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையில் சாகவில்லை. ராணுவமும் ரோந்தும் அங்கே இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் தேசியப் பூங்கா வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. புது ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊர்க்காரர்தான் முதலில் சொல்வார். தென்னாப்பிரிக்காவில் 2013ல் தொடங்கிய 'பிளாக் மாம்பாஸ்' குழுவில் பெரும்பாலும் பெண்கள், சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆயுதம் இல்லாமல் ரோந்து போகிறார்கள். துப்பாக்கி கேட்ட தம்பி இதைக் கவனிக்க வேண்டும்.

சுள்ளி பொறுக்கும் ஒரு பாட்டியைப் பிடித்தால் என்ன செய்வீர்கள்? நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி இது. "சட்டம் சட்டம்தான், வழக்குப் போடுவேன்" என்கிறவரும், "பாவம், விட்டுடுவேன்" என்கிறவரும் எனக்குச் சரிப்பட மாட்டார்கள். "நோட்டில் எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்புவேன். அடுத்த முறை அதே பாட்டி சுள்ளிக்கட்டுக்குள் வேறு எதையாவது வைத்துக்கொண்டு வருகிறாரா என்று பார்ப்பேன்" என்று ஒரு பெண் சொன்னார். அவரைத்தான் எடுத்தேன்.

லஞ்சம் வரும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அது பணமாக வராது. உங்கள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, ஒருவர் வண்டி அனுப்புவார். நல்ல மனிதர்தான் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து அவருடைய லாரி வரும். அதனால் அந்த முதல் உதவியையும் நோட்டில் எழுதி மேலதிகாரிக்குக் காட்டிவிடுங்கள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. குடும்பத்தோடு இருக்கும் நாட்கள் குறைவு, இடமாற்றம் அதிகம், வழக்கு முடிய வருடக்கணக்காகும். இதையெல்லாம் வீட்டில் முன்னாலேயே பேசிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்கள் நாட்டுக் காட்டுயிர்ச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். எந்த உயிரினம் எந்தப் பட்டியலில், காவலருக்குச் சோதனை போட எந்தப் பிரிவில் அதிகாரம் என்று தெரிந்தாலே பாதிப் பேரைத் தாண்டிவிடுவீர்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1973ல் கையெழுத்தான சைட்ஸ் ஒப்பந்தத்தையும் பாருங்கள், 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. வனவியல், விலங்கியல், சட்டம், குற்றவியல் எது படித்தாலும் வழி இருக்கிறது. நீச்சல், முதலுதவி, வண்டி ஓட்டுவது மூன்றும் வேண்டும். ஒருநாள் லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்தில் பார்வையாளராக உட்கார்ந்து குறுக்கு விசாரணை பாருங்கள். எந்த வழக்காக இருந்தாலும் சரி. சாட்சிக் கூண்டில் நிற்பவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். நேரம், இடம், பார்த்தது. "நினைக்கிறேன்", "போலிருக்கிறது" வேண்டாம். எழுதியது தப்பானால் அழிக்காதீர்கள், ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வையுங்கள். அழிப்பான் வைத்த பென்சில் வாங்க வேண்டாம் என்று என் மேலதிகாரி சொன்னது இதற்காகத்தான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தம்பி கை தூக்குகிறார், மைக்கை அவரிடம் கொடுங்கள்.