மாவு யார் அரைப்பது?

நடுவர் அவர்களே, கொழும்பு வெள்ளவத்தை நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, வணக்கம். 'இந்தியக் குடும்பத்தை இன்று நடத்துவது மரபா, மாற்றமா?' என்ற தலைப்பில் மரபே என்று பேச வந்திருக்கிறேன். மரபு நல்லது என்று சொல்ல வரவில்லை. அது இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, ஆட்டுக்கல் போய்க் கிரைண்டர் வந்தது, கூட்டுக்குடும்பம் போய்ப் பிளாட் வந்தது என்று அடுக்கினார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். சரி, அந்தக் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம்.

சென்னையில் என் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தேன். கணவன், மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஒரு புதன்கிழமை, இரவு ஒன்பது மணி. குசினியில் கிரைண்டர் ஓடுகிறது. அவள் காதில் ஹெட்போன், அமெரிக்காக்காரனோடு மீட்டிங். இந்தச் சத்தம் அங்கே கேட்கக் கூடாதென்று மியூட்டில் போட்டுவிட்டு, ஒரு கையால் தண்ணீர் தெளித்து மாவை வழித்துவிடுகிறாள். உளுந்து டப்பாவில் சாய்த்து வைத்த இன்னொரு போனில் கும்பகோணத்திலிருந்து மாமியார்: "உளுந்து இன்னும் பொங்கல, கொஞ்சம் ஓடட்டும்மா." அந்தக் காலத்தில் மாமியாரின் குரல் பக்கத்து அறை வரைக்கும்தான் போகும். இப்போது முந்நூறு கிலோமீட்டர் போகிறது. தம்பி சொன்ன மாற்றம் இதுதான்!

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "நான் ஏதாவது உதவி பண்ணட்டுமா?" என்றார். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் அவர் சாப்பிடப் போகிற இட்லிக்கு அவரே வெறும் உதவியாளர்!

இது ஒரு வீட்டுக் கதை என்று தம்பி எழுந்துவிடுவார். 2019இல் இந்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைச் சொல்கிறேன். தன் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செய்கிறாள், செய்கிற ஆண் 97 நிமிடம். செய்கிற ஆண்தான், கவனியுங்கள். நாலு ஆணில் கிட்டத்தட்ட ஒருவர்தான் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார்.

சட்டம் மாறவில்லையா என்று தம்பி கேட்டார். மாறியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுக்க 2005இலும் வந்தது. அப்புறம் நடப்பது என்ன? அண்ணன் காரில் கூட்டிப்போகிறான், தங்கை தன் பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள், வழியில் ஹோட்டலில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்திவிடும். தன் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து நிற்க வேண்டாமா? அந்தத் தட்டுக்காக அவள் காணியை விடுகிறாள். பத்திரம் எழுதியது புதுச் சட்டம், பேனாவைப் பிடித்தது பழைய கை.

வரதட்சணைக்கு 1961இலேயே தடை. அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன், நடுவர் சிரிக்கிறார். சீதனத்துக்கு வெள்ளவத்தையில் பிளாட் கேட்கிற நாங்கள் இந்தியாவைப் பார்த்து எந்த முகத்தோடு பேசுவது? நல்ல வேளை, தலைப்பில் கொழும்பு இல்லை.

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவர் வீட்டில் எந்தக் கிழமை உளுந்து ஊறப் போடுகிறார்கள்? பக்கத்தில் இருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னால், தீர்ப்பை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.